பாறையில் மிஞ்சிய ஒரு ஜோடி

1

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாலாற்றுப் பாலத்தின்மேல் மூடுபனி. எட்டு மணிக்குமேல் இளவெயில். ஏலகிரி மலையின் உச்சியில் மட்டும், பிழியாமல் உலர்த்திய துணியைப் போல ஒரு மேகம்.

ஒரு நிகழ்ச்சியை எழுதப் புகுவோர் நாளையும் வானிலையையும் முதற்கண் குறிப்பிடுதல் நன்று என்பது என் கருத்து. ஆனால், அன்பார்ந்த வாசகரே, அந்த நாளில் நான் அங்கே இல்லை. மூடுபனியைப் பார்த்தவள் கெசியா. அவள் ஆம்பூரை அடுத்த ஒரு காலணித் தொழிற்சாலையில், ஷூவின் மேற்பாகத்தைத் தைக்கும் பெண்களுக்குச் சூப்பர்வைசர். மறுநாள் திங்கட்கிழமை காலை, புறவழிச்சாலை நிறுத்தத்தில் அவள் தொழிற்சாலை வேனுக்காகவும் நான் திருப்பத்தூர்ப் பேருந்துக்காகவும் நின்றிருந்தோம். தன் பெண்களை அருவிக்கு அழைத்துச் சென்ற கதையை அவள் எனக்குச் சொன்னாள்.

"எல்லாரும் செருப்ப எடுத்துக்கினு போய்ட்டாங்க. பாறை மேல ஒரு ஜோடி மட்டும் மிஞ்சிப்போச்சு. எனக்கு உசுரே இல்ல" என்று அவள் சொல்லவும் வேன் வரவும் சரியாக இருந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஆக, என்னிடம் இருப்பது பாதிக் கதை. மீதியை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். கேட்டுவிட்டால் நான் எழுதுவதற்கு என்ன இருக்கும்?

ஒன்றை மட்டும் என்னால் உறுதியாகக் கூற இயலும். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனவே, அன்று எவரும் சாகவில்லை. அருவிக்குப் போகும் கதைகளில் யாரேனும் ஒருவர் திரும்பி வரக்கூடாது என்று ஒரு வழக்கம் இருப்பதை நான் அறிவேன். அவ்வழக்கத்தை இங்கு நான் பின்பற்றப் போவதில்லை. இக்கதையில் எவரும் மூழ்கமாட்டார்கள். இதை நம்பி நீங்கள் தொடர்ந்து படிக்கலாம்.

2

முதல் தொடக்கம்:

மலையரசியின் மார்பில் முத்தாரமெனப் புரளும் ஜலகம்பாறை அருவியானது, காண்போர் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே—

[நிறுத்தினேன். அருவியின் கீழே நின்ற எவரும் இவ்வாறு எண்ணியிருக்க முடியாது. "குளுருதுடி" என்றே எண்ணியிருப்பர்.]

இரண்டாம் தொடக்கம்:

கடமையே கண்ணெனக் கொண்ட கெசியா என்னும் நற்குண மங்கை, விடியற்காலையில் துயிலெழுந்து—

[இதைக் கெசியா படித்தால் அடுத்த திங்கட்கிழமை வேறு நிறுத்தத்தில் போய் நிற்பாள்.]

மூன்றாம் தொடக்கம்:

சுஹேல் அகமதுவின் அறைக்கதவை ஒருவர் தட்டினார்.

[இது நகர்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.]

3

சுஹேல் அகமதுவின் அறைக்கதவை ஒருவர் தட்டினார். சுஹேல் அத்தொழிற்சாலையின் பணியாளர் நிர்வாகத்தைப் பார்ப்பவர், தட்டியவள் கெசியா. தோல் வெட்டும் பிரிவு ஆண்களும் அலுவலகத்தாரும் ஆண்டுதோறும் சுற்றுலா போனார்கள். தைக்கும் பெண்களுக்கோ ஆண்டு முடிவில் ஓர் எவர்சில்வர் டப்பாவும், அதற்குள் நான்கு லட்டும் கிடைக்கும். கெசியாவின் வீட்டு அலமாரியில் அத்தகைய டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. இந்த ஆண்டு அவளுக்கு டப்பா வேண்டாம்.

"ஒரு ட்ரிப்பு சார். எங்க லைனுக்கு."

"லேடீஸ் நாப்பது பேரையா? போன வருசம் கட்டிங் ஆளுங்கள கூட்டிட்டுப் போயி நான் பட்ட பேஜாரு போதாதா?"

"அவங்க அருவிய பாக்கவே இல்ல சார். பிராந்தி பாட்டிலத்தான் பாத்தாங்க. நாங்க குளிக்கப் போறோம்."

சுஹேல் அகமது சிரித்துவிட்டார்.

[முந்தைய வரைவில் அவரைக் கொடியவராக்கிப் பார்த்தேன், அடர்ந்த மீசையும் கொடுத்தேன். மீசை பொருந்தியது, கொடுமை பொருந்தவில்லை.]

சிரித்து முடித்தபின் அவர் விரலை நீட்டினார். "ஒரே கண்டிஷன். சாயந்திரம் அஞ்சுக்கு வண்டி கெளம்பணும், எல்லாரையும் ஏத்திக்கினு. ஒரு ஆள் கம்மியானாலும் சரி, அஞ்சு நிமிசம் ஜாஸ்தியானாலும் சரி, அடுத்த வருசம் அதே டப்பா, அதே லட்டு. நல்லா நடந்துச்சுன்னா வருசா வருசம் போங்க, நான் கேக்கமாட்டேன். அன்னிக்கு நானே போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க சார்" என்றாள் கெசியா.

அறைக்கு வெளியே நசீமுன்னிசா காத்திருந்தார். அந்தத் தையல் லைனில் மூத்தவர்; எல்லாருக்கும் அவர் ஆபா, அதாவது அக்கா.

"இன்னா சொன்னான் உன் சாரு?"

"அஞ்சு மணிக்கு ஏத்தணுமாம் ஆபா."

"டெய்லி அஞ்சரைக்கு ஏத்தி வுடுறியே எங்கள, வேன்ல. அரை மணி நேரம் முன்னால ஏத்தமாட்டியா? வா, போய் டார்கெட்ட முடி."

4

வண்டியோட்டி மோசஸ் வாணியம்பாடி வரைக்கும் பொறுமையாகவே இருந்தார். அதற்கப்பால், "பாட்டு ஒண்ணு வைங்கண்ணே" என்ற குரலும் "ஏசிய கம்மி பண்ணுங்கண்ணே" என்ற குரலும் "ஏசியே இல்லைடி, அது ஜன்னலு" என்ற குரலும் ஒரே நேரத்தில் எழவே, அவர் ஒலிப்பானை அழுத்திப் பதில் கூறினார். கடைசி இருக்கையில் பிரியாணி அண்டா உட்கார்ந்து வந்தது. அதற்கு ஜன்னலோர இடம்.

திருப்பத்தூரைக் கடந்து, வயல்களுக்கு இடையே சாலை திரும்பியதும், மலை வண்டிக்குள் எட்டிப்பார்த்தது. நாள்தோறும் தொழிற்சாலை ஜன்னல் வழியே இம்மலையின் முதுகைப் பார்க்கிற பெண்கள், அதன் முகத்தைப் பார்த்தார்கள். மழைக்காலம் ஆகையால் ஆட்டாறு நிரம்பி ஓடியது. ஏலகிரியிலிருந்து இறங்குகிற அந்த ஆறு, ஜலகம்பாறையில் கால் தவறியதைப்போல் விழுந்து, கீழே எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் நடந்து போயிற்று.

[இந்த உவமையைக் காப்பாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். முத்தாரத்தை விட்டுக்கொடுத்தேன் அல்லவா?]

அருவிக்கு அருகே ஒரு தட்டைப் பாறை இருந்தது. கெசியா அதன்முன் நின்று இரு கைகளையும் விரித்தாள்.

"செருப்ப எல்லாம் இங்க வுடுங்க. நேரா வுடுங்க. லெஃப்ட்டு, ரைட்டு, மூக்கு அந்தப் பக்கம்."

"இன்னாத்துக்கு?"

"தலைய எண்ணுனா தலை நவுரும். செருப்பு நவுராது. ஜோடி சரியா இருந்தா ஆளு சரியா இருக்கும்."

வேறு எந்த ஊர்ப் பெண்களாயிருந்தாலும் இதைக் கேட்டு நகைத்திருப்பர். இவர்கள் நகைக்கவில்லை. காலையிலிருந்து மாலை வரைக்கும் இவர்களது வாழ்வு ஜோடியாகவே எண்ணப்படுகிறது: இன்று எத்தனை ஜோடி, திரும்பி வந்தது எத்தனை ஜோடி, இடதுக்கு ஏற்ற வலது எங்கே. ஆகவே, சொன்னபடி விட்டார்கள். பாறையின்மேல் நாற்பது ஜோடியும் குதிகால் ஒட்டி, முனை நிமிர்ந்து, நான்கு வரிசையாக நின்றன. வேலூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்து அம்மாள் அவ்வரிசையின் முன்னே வெகுநேரம் நின்றார். பின்னர், மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு சிவப்புச் செருப்பைக் காட்டி, "இது என்ன விலை?" என்று கேட்டார்.

"அது எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும்மா" என்றார் நசீமுன்னிசா. அது அவருடைய செருப்பு.

பின்பு அவர்கள் நீருக்குள் போனார்கள். அதை எவ்வாறு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பசையின் வாசனை ஊறிய கைகள் முதலில் போயின. பின்னர்த் தலைகள் போயின. அதன்பின் எவர் எவர் என்று பிரித்தறிய முடியவில்லை. ஒருத்தி துப்பட்டாவை நீருக்குக் கொடுத்துவிட்டு, அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். இன்னொருத்தி அருவியைப் பார்த்து, "மெதுவா ஊத்து, இன்னா அவசரம்" என்று அதட்டினாள். நசீமுன்னிசா பாறையில் சாய்ந்து அமர்ந்து, தோளின்மேல் நீர் விழும்படி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "இத மாசத்துக்கு ஒருவாட்டி எழுதிக் குடுக்கணும் டாக்டருங்க" என்றார்.

கெசியா மட்டும் செருப்பு வரிசையின் பக்கத்தில், நாற்பது கைப்பைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தாள்.

"செருப்புக்குக் காவலா? வாம்மா, ஒருவாட்டி தலைய குடு."

"அஞ்சு மணி ஆவட்டும் ஆபா. எல்லாரையும் பஸ்ல ஏத்திட்டு..."

"அருவி பஸ்ல ஏறி வருமா?"

கெசியா கைப்பேசியில் மணியைப் பார்த்தாள்.

5

இவ்விடத்தில் எனக்கு ஓர் ஐயம்.

அருவிக்காகவே கதவைத் தட்டிய ஒரு பெண், அருவியின் பக்கத்தில் நாள் முழுதும் நனையாமல் இருப்பாளா? மூன்று காரணங்களை எழுதிப் பார்த்தேன். அவளுக்கு நீரென்றால் அச்சம். [பொருந்தாது, பாலாற்றில் வெள்ளம் வந்தபோது முதலில் இறங்கிப் பார்த்தவள் அவள் என்று நானே ஓரிடத்தில் எழுதி, பின்பு அடித்தேன்.] அவளுக்குச் சளி. [இப்படி ஒரு காரணத்துக்காக நான் வெட்கப்படுகிறேன்.] மூன்றாவது: அடுத்த ஆண்டின் அருவியை அவள் இந்த ஆண்டே காத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். ஆயினும் எனக்கு அது முழுமையாக உவப்பளிக்கவில்லை என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

6

நான்கரைக்கு அருவிக் காவலர் ஊதல் ஊதினார். பெண்கள் நீரிலிருந்து வந்தார்கள், அவரவர் செருப்பில் அவரவர் கால் நுழைந்தது, வரிசை கரைந்தது. ஈரச் சுவடுகள் படியிறங்கி, மிளகாய் பஜ்ஜிக் கடை வழியாக வண்டிவரைக்கும் போயின. கெசியா பாறையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு ஜோடி மிஞ்சியிருந்தது.

கருப்பு நிறம், முன்பக்கம் பட்டை, சாதாரணமானது. அதன் இருபுறமும் வெற்றுப் பாறை.

"யாரோ வேற ஊருக்காரங்களது" என்றார் மோசஸ். பெண்களை அழைத்துப்போக மேலே ஏறி வந்திருந்தார் அவர்.

கெசியாவோடு பின்தங்கியிருந்த நசீமுன்னிசா குனிந்து வலது செருப்பை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கத்தில், கட்டைவிரல் படியும் இடம் தேய்ந்து வழுவழுவென்று மின்னியது. இடது செருப்பில் அந்தத் தேய்மானம் இல்லை.

"பெடல் மிதிச்ச காலு" என்றார். "மிஷின்ல உக்கார்றவ. நம்ம ஆளுதான்."

மோசஸ் தானும் குனிந்து பார்த்தார்.

நசீமுன்னிசா இன்னும் கூர்ந்து பார்த்தார். "செருப்பு புதுசு, தேய்மானம் ஜாஸ்தி. வேலை கத்துக்கறவ. பயந்து பயந்து அழுத்தி மிதிக்கிறா. நாங்கல்லாம் தொட்டா போதும், மிஷினு ஓடும்."

"நம்ம லைன்ல புதுசா யாரும் இல்லையே ஆபா."

"இல்லதான். ஆனா காலு இருக்குதே."

கெசியா படிகளில் ஓடி இறங்கினாள், பின்னாலேயே மோசஸும். வண்டிக்குள் ஏறிப் பெயர் சொல்லி அழைத்தாள். அழைத்த பெயருக்கெல்லாம் குரல் வந்தது. ஒருவரும் குறையவில்லை. எவளேனும் செருப்பை மறந்து வெறுங்காலோடு ஏறியிருப்பாளோ?

"எல்லாரும் காலைத் தூக்குங்க."

"இன்னாக்கா?"

"தூக்குங்கடி. ரெண்டு காலும்."

வண்டி முழுவதும் கால்கள் எழுந்தன. இருக்கைகளின் முதுகுக்குமேல் பாதங்கள். அவை ஒவ்வொன்றிலும் செருப்பு. ஒவ்வொன்றிலிருந்தும் நீர் சொட்டியது. வெளியே பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒருவர், ஒரு பேருந்து முழுக்கப் பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டு சிரிப்பதைக் கண்டு, தின்பதை நிறுத்தினார்.

மேலே நிற்கிற ஆபாவைத் தவிர எல்லாரும் வண்டியில் இருக்கிறார்கள். பாறையிலும் ஒரு ஜோடி இருக்கிறது. கெசியா மறுபடியும் மேலே ஓடினாள். பெயர் சரியாக இருக்கிறதென்று வண்டியை எடுத்துவிடலாம். ஐந்து மணிக்குப் புறப்படலாம். அடுத்த ஆண்டும் வரலாம். ஆனால் தேய்ந்த அந்தச் செருப்பை விட்டுவிட்டு அவளால் போகமுடியாது.

7

வாசகரே, இக்குழப்பத்துக்குக் காரணம் நான்.

கெசியா என்னிடம் பாதிக் கதை சொன்னாள் என்றேன். அதில் மிஞ்சிய ஜோடி இருந்தது; அது எவருடையது என்பது இல்லை. எனவே, முதல் வரைவில் நான் ஹீனா என்றொரு பெண்ணைப் படைத்தேன். ஆலங்காயத்துப் பெண்; தைப்பதற்குச் சேர்ந்து மூன்று மாதம்; வண்டியில் அண்டாவுக்குப் பக்கத்து இருக்கை; அதிகம் பேசமாட்டாள். சிறுகதையில் பாத்திரங்கள் மிகுதல் ஆகாது என்று கருதி, இரண்டாம் வரைவில் அவளை நீக்கிவிட்டேன். வாக்கியம் வாக்கியமாகத் தேடி நீக்கினேன். அவளுடைய பெயரை எடுத்தேன், இருக்கையை எடுத்தேன், பாறையில் அவள் கழற்றி வைத்ததை எடுக்க மறந்துபோனேன்.

என் பிழையைத் திருத்த மூன்று வழிகள் உள்ளன.

(அ) செருப்பையும் நீக்கிவிடலாம். கெசியா திரும்பிப் பார்த்தாள். பாறை காலியாக இருந்தது. ஐந்து மணிக்கு வண்டி புறப்பட்டது. எல்லாம் நன்றாக முடியும். கதைதான் இருக்காது.

(ஆ) அது உண்மையிலேயே வேற்றூராருடையது என்று எழுதிவிடலாம். அப்படி எழுதினால் நசீமுன்னிசாவின் கண் பொய்த்துப்போகும். முப்பது ஆண்டு மெஷினில் அமர்ந்தவரை ஒரு வரிக்காகப் பொய்யராக்க என் பேனா துணியவில்லை.

(இ) ஹீனாவைத் திரும்பக் கொண்டுவரலாம்.

கொண்டுவருகிறேன்.

8

"ஹீனா" என்றார் நசீமுன்னிசா திடீரென்று, நெற்றியில் தட்டிக்கொண்டு. "அண்டா பக்கத்துல உக்காந்துக்கினு வந்துச்சே. எப்படிம்மா மறந்தோம்?"

கெசியாவுக்கும் அந்த முகம் அப்போதுதான் நினைவில் எழுந்தது. எப்படி மறந்தோம் என்பது அவர்களுக்கு என்றும் விளங்காது. உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

அருவியின் இடப்புறம் பாறை சற்றே உட்குழிந்திருந்தது. பெருநீர் விழுகிற இடத்தைத் தாண்டி, அங்கே ஒரு கிளைநீர் மெல்லிய தாரையாக இறங்கியது. ஹீனா அதன்கீழ் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் அளவு நீர், முகம் மேலே நிமிர்ந்திருந்தது, கண்கள் மூடியிருந்தன, வாய் திறந்திருந்தது. காவலரின் ஊதல் அந்த நீரின் சத்தத்துக்குள் நுழையவே இல்லை.

"ஹீனா. ஏய், ஹீனா."

கேட்கவில்லை. கெசியா தன் கைப்பேசியை நசீமுன்னிசாவிடம் கொடுத்தாள். குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். அவ்வளவு பதற்றத்திலும் அவள் கை அதை நேராகவே வைத்தது: கருப்பு ஜோடிக்குப் பக்கத்தில், குதிகால் ஒட்டி, முனை நிமிர்த்தி. பின்பு நீருக்குள் இறங்கினாள்.

தோளைத் தொட்டதும் ஹீனா கண் திறந்தாள். சூப்பர்வைசரைக் கண்டு அவள் முகம் ஒரு நொடி அஞ்சியது. அடுத்த நொடி, தன்னால் அடக்க முடியாமல், மூன்று மாதத்தில் முதன்முறையாக அவளிடம் தானாகப் பேசினாள்.

"அக்கா, இது மிதிக்காமலே ஓடுதுக்கா."

கெசியா திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஆட்டாறு புகுந்தது. தலையின்மேல் நீர் விழுந்தது, கழுத்தில் இறங்கியது, காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. மூச்சு முட்டி, இருமி, முகத்தைத் துடைத்து, மறுபடியும் தலையைத் தானாகவே கொண்டுபோய் நீட்டினாள்.

[ஐந்தாம் பகுதியில் எனக்கிருந்த ஐயம் இங்கே நீங்கியது. மூன்றாவது காரணமும் தவறு. அவள் நனையாமல் இருந்தது, நான் அவளை உள்ளே விடாததனால்.]

கரையில் நின்ற நசீமுன்னிசாவின் கையில் கைப்பேசி ஒலித்தது. திரையில் சுஹேல் அகமதுவின் பெயர்.

"ஹலோ, சொல்லுங்க சார். நான் நசீமுன்னிசா."

"கெசியா எங்க?"

"இங்கதான் கீது. கை ஈரம்."

"எல்லாரும் இருக்காங்களா?"

நசீமுன்னிசா நீரைப் பார்த்தார். ஒருத்தி இன்னொருத்தியின் தலையைப் பிடித்துத் தாரையின்கீழ் அமிழ்த்திக்கொண்டிருந்தாள். யார் யாரை என்பது தெரியவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு ஆளு கம்மி இல்ல சார்."

"வண்டில ஏறிட்டீங்களா?"

"அஞ்சு மணிக்குத்தான சார் சொன்னீங்க."

"அங்க இன்னா சத்தம்?"

"தண்ணி சார். நல்ல தண்ணி."

அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த இருவரையும் கூப்பிடுவதற்காக நசீமுன்னிசா வாயருகே கையைக் குவித்தார். ஆனால், கூப்பிடவில்லை. குவித்த கை அப்படியே நின்றது. ஏனெனில் அவரை நான் அங்கே நிறுத்திவிட்டேன்.

முடிவை நான் எழுதப் போவதில்லை. நீரிலிருந்து ஒருத்தியை வெளியே எடுக்கிற வாக்கியத்தை எழுத முயன்றேன். "கெசியா ஹீனாவின் கையைப் பற்றிக்கொண்டு கரையை நோக்கி—" என்பது வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. என்னால் ஆகாதது உங்களால் ஆகலாம். கூப்பிட வேண்டியவர் இனி நீங்கள். கீழே மோசஸ் வண்டியை உயிர்ப்பித்து வைத்திருக்கிறார். பாறையிலிருந்து வண்டிக்கு நடக்க ஐந்து நிமிடம் போதும். சிரித்துக்கொண்டே நடந்தால் ஆறு ஆகும். நேரம் இருக்கிறது. ஓர் ஆள் குறையாமல் ஏற்றி, அடுத்த ஆண்டுக்கும் வழி செய்துவிடலாம். உங்கள் குரல் எழும்வரைக்கும் அந்த நேரம் குறையாமல் இருக்கும். அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

ஆனால் உடனே கூப்பிட்டுவிடாதீர்கள். அவள் இப்போதுதான் இறங்கினாள்.

என் வரையில் எல்லாம் முடிந்த நேரம்: மாலை 4 மணி 52 நிமிடம்.